ஒருக்காக்கா

ஊரில் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் ஒருக்காக்கா. ஒருக்கா என்றால் ஒரு தரம். எதையும் ஒரு தரம்தான் சொல்வாள், அதனால் அந்தப் பெயர். கூப்பிடும்போது வெறும் அக்கா என்போம். அவள் வீட்டுக்குள் போன பிறகு முழுப்பெயரையும் சொல்லிச் சிரிப்போம். அவளுக்கும் அது தெரியும். ஒரு தரம்கூடக் கோபித்துக்கொண்டதில்லை.

நான் பழனிக்காரி. அடிவாரத்தில் எங்கள் அப்பாவுக்குத் தேங்காய்பழக் கடை. "வாங்க சாமி, வாங்க சாமி, இங்க வாங்க சாமி" என்று விடிந்ததிலிருந்து அடைகிறவரை கத்துகிற வீட்டில் பிறந்தவள். ஒரே விஷயத்தை நாலு தரம் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவளைப் பதினெட்டு வயதில் மலைமேல் கட்டிக்கொடுத்தார்கள். கொடைக்கானலுக்கு மேலே போளூர்ப் பக்கம் போகிற தடத்தில் ஒரு சின்ன ஊர். பூண்டும் உருளைக்கிழங்கும்தான் வெள்ளாமை. அப்போது அங்கே பஸ் கிடையாது. கொடைக்கானலில் இறங்கி நடக்க வேண்டும், சாமானெல்லாம் குதிரைமேல் வரும். அங்கே எனக்குப் பக்கத்து வீட்டுக்காரியாக அமைந்தவள்தான் அக்கா. என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவள். நடுவில் ஒரு முள்வேலி மட்டும் இருந்தது.

போன மறுநாளே தண்ணீர் எடுக்க வழி கேட்டேன்.

"கோயிலுக்கு மேக்கால, பள்ளத்துல" என்றாள்.

என் காதில் கிழக்கால என்று விழுந்தது. சந்தேகத்துக்கு இன்னொரு தரம் கேட்கலாமென்று, "என்னக்கா சொன்னீங்க?" என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். கிழக்கே போனால் எருமை புரளுகிற குட்டை. கலங்கின தண்ணீரோடு திரும்பி வந்த புது மருமகளைப் பார்த்து என் மாமியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அவகிட்ட கேக்குறதுன்னா காதத் தீட்டி வச்சுக்கிட்டுக் கேக்கணும் தாயி."

பேச்சில் மட்டும் இல்லை, எல்லாவற்றிலும் அவள் அப்படித்தான். குழம்புக்கு ஒரு தரம் உப்புப் போடுவாள், ருசி பார்க்க மாட்டாள். நாயை ஒரு குரல் கூப்பிடுவாள், வந்தால் அதற்குச் சோறு, வராவிட்டால் கோழிக்கு. பூண்டு தரம் பிரிக்கும்போது ஒரு பார்வை, ஒரு வீச்சு. பெரிது இந்தக் குவியலுக்கு, சிறிது அந்தக் குவியலுக்கு. போட்டதை எடுத்து மாற்றி நான் பார்த்ததில்லை. நானோ ஒவ்வொரு பூண்டையும் மூன்று தரம் திருப்பிப் பார்ப்பேன். அவள் மூட்டை கட்டி முடிக்கும்போது நான் பாதிகூடத் தாண்டியிருக்க மாட்டேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவள் புருஷனுக்குக் காது மந்தம். அவர் பட்டாளத்தில் இருந்து வந்தவர். பர்மாப் பக்கம் குண்டுச் சத்தத்தில் காது போய்விட்டது என்பார்கள். எதையும் இரண்டு தரம் சொல்ல வேண்டிய மனுஷனுக்கு ஒரு தரம் மட்டுமே சொல்கிற பெண்டாட்டி. "வெளக்க எடுங்க" என்பாள். அவர் விளக்குமாற்றோடு வந்து நிற்பார். வந்த விளக்குமாற்றை வாங்கி வாசலை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, விளக்கைத் தானே போய் எடுத்துக்கொள்வாள்.

அவர் வேலிப்பக்கம் வந்து என்னைக் கூப்பிடுவார்.

"ஏ தாயி, உங்கக்கா என்னமோ சொன்னா. உன் காதுல விழுந்துச்சா?"

நான் எட்டுத் தெருவுக்குக் கேட்கிற மாதிரி கத்திச் சொல்வேன். அவர் ஒரு சல்யூட் அடிப்பார். அந்த வீட்டுக்கு நான்தான் தபால்காரி என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். எனக்கு அதில் பெருமைதான். அந்த ஊரில் என் தொண்டைக்கு மரியாதை இருந்த ஒரே இடம் அது.

அவருக்குப் பெயர் பிச்சை. பிழைக்காது என்று கைவிட்ட குழந்தை பிழைத்துக்கொண்டால் சாமி போட்ட பிச்சை என்று அந்தப் பெயரை வைப்பார்கள். இவரும் அப்படித்தான் ஏதோ சின்ன வயதில் பிழைத்தவர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மாமியார்தான் ஒருநாள் கதையைச் சொன்னார்.

சண்டை நடந்த காலத்தில் அக்கா வீட்டுக்கு ஒரு தந்தி வந்தது. இங்கிலீஷில் இருந்தது. ஊரில் படிக்க ஆள் இல்லை. கொடைக்கானலில் ஒரு துரை பங்களாவில் சமையல் செய்கிறவரிடம் கொண்டுபோய்க் காட்டினார்கள். அவர் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "ஆள் இல்லைன்னு போட்டுருக்குங்க" என்றார். காணவில்லை என்பதைத்தான் அவர் அப்படிச் சொன்னார். போனவர்கள் அதை அப்படியே ஊருக்குக் கொண்டுவந்தார்கள். ஆள் இல்லை என்றால் எங்கள் பேச்சில் செத்துப்போனான் என்றும்தான் அர்த்தம். ஊர் அந்த அர்த்தத்தை எடுத்துக்கொண்டது. உடம்பு வராத சாவு என்பதால் வைக்கோலில் ஆள் செய்து, அவருடைய சட்டையைப் போட்டுக் கொள்ளி வைத்தார்கள். அக்காவின் தாலியைக் கழற்றினார்கள். மூன்று நாள் அழுதாளாம். குரல் போய்விட்டதாம்.

மூன்றாம் வருஷம் ஒரு காலையில் அவர் தடத்தில் நடந்து வந்துவிட்டார். ஆடு மேய்க்கிற பிள்ளைகள் பேய் என்று ஓடின.

ஆள் வந்தது சந்தோஷம்தான். ஆனால் கருமாதி முடிந்த ஆள் வீட்டுக்குள் எப்படிக் காலை வைப்பது? மணியக்காரர் யோசித்து ஒரு வழி சொன்னார். மறுபடியும் பிறக்க வைத்துவிடலாம். குளிப்பாட்டினார்கள். பிறந்த பிள்ளையைப் போல முறத்தில் போட வேண்டும், இவர் ஆறடி. ஒரு காலை முறத்துக்குள் வைத்தால் போதும் என்று முடிவானது. செத்தவன் பெயர் ஆகாது என்று பிச்சை என்று புதுப்பெயர் வைத்தார்கள். அடுத்தது சேனை வைக்க வேண்டும். பிறந்த பிள்ளையின் நாக்கில் முதன்முதலாகச் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பதுதான் சேனை. வைக்கிறவர்களே பிள்ளையின் காதில் பெயரை மூன்று தரம் சொல்ல வேண்டும் என்பது எங்கள் ஊர் வழக்கம். "சேனைக்குப் போனவனுக்கே சேனையா" என்று மணியக்காரர் சிலேடை பேசினாராம். சிரித்தார்களே தவிர, செத்து வந்தவன் நாக்கைத் தொட ஒருத்தரும் முன்வரவில்லை.

வெள்ளைச் சேலையோடு அக்கா எழுந்து வந்தாள். சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு அவர் நாக்கில் வைத்தாள். புருஷன் பெயரைப் பெண்டாட்டி வாயால் சொல்லக் கூடாத காலம் அது. ஊரே பார்த்துக்கொண்டிருக்க, அவர் காதுப்பக்கம் குனிந்து, "பிச்சை" என்றாள். ஒரே தரம். வெட்கம் தாங்காமல் உள்ளே ஓடிவிட்டாள்.

"ஏ புள்ளே, இன்னும் ரெண்டு தரம் பாக்கி கெடக்கு" என்று பெண்கள் கூப்பிட்டார்கள்.

"ஒருக்கா போதும்ங்க, விடுங்க" என்று சிரித்தாராம் அவர். பிறகு அவளுக்கு மறுபடியும் தாலி கட்டினார். அன்று விழுந்ததுதான் ஒருக்காக்கா என்கிற பெயர்.

அதற்குப் பிறகு அவருடைய பழைய பெயரை ஊரில் யாரும் சொல்வதில்லை. வேலுச்சாமி என்பது எரித்த பெயர். பட்டாளத்துக் காகிதங்களில் மட்டும் அது அப்படியே இருந்தது.

நான் அங்கே போன ஐந்தாம் வருஷம், கீழே டவுனில் பழைய பட்டாளத்துக்காரர்களுக்கெல்லாம் ஒரு கூட்டம் என்று சொல்லி அனுப்பினார்கள். மெடல் வைத்திருக்கிறவர்கள் குத்திக்கொண்டு வர வேண்டும், மத்தியானம் விருந்து. எங்கள் ஊரிலிருந்து மூன்று பேர் புறப்பட்டார்கள். மலையில் மற்ற ஊர்க்காரர்களும் சேர்ந்து பெருமாள்மலையிலிருந்து ஒரு காய்கறி லாரியில் போவதாக ஏற்பாடு. கிளம்புகிற காலையில் நல்ல பனி. நான் வாசலில் பூண்டு ஆய்ந்துகொண்டிருந்தேன். அக்கா வீட்டுப் படியில் நின்று, "வெள்ளனே வந்துருங்க" என்று சீக்கிரம் வரச் சொன்னாள்.

அவர் தடத்திலிருந்து திரும்பி, "என்ன?" என்றார்.

அக்கா சொல்லவில்லை. அவர் வழக்கம்போல வேலிப்பக்கம் என்னைப் பார்த்தார். என் மடி நிறையப் பூண்டு. எழுந்தால் கொட்டிவிடும். சாயந்திரம் வரப்போகிறவர்தானே என்று இருந்துவிட்டேன். அவர் ஒரு சல்யூட் அடித்துவிட்டு, பனிக்குள் நடந்த மற்ற இரண்டு பேரையும் எட்டிப் பிடிக்க வேகமாகப் போனார்.

மறுநாள் மத்தியானம் கொடைக்கானலிலிருந்து ஒரு போலீஸ்காரர் நடந்து வந்தார். கோயிலுக்கு முன்னால் நின்று காகிதத்தைப் பிரித்துப் படித்தார். மலைக்குக் கீழே ஒரு ரயில் பாதையைத் தாண்டும்போது லாரிமேல் ரயில் மோதிவிட்டது. அங்கே அப்போது கேட் இல்லை. கூட்டத்துக்குப் போகும் வழியிலேயே நடந்திருக்கிறது. எங்கள் ஊர்ப் பெயர்கள் மூன்றையும் படித்தார். மூன்றாவது வேலுச்சாமி.

ஊரே கதறியது என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. எங்களுக்கு ஒன்றும் தோன்றவில்லை. நின்றோம். யாரோ போலீஸ்காரரிடம், "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார்கள். இல்லை என்றார். கஞ்சி கொண்டுவந்து கொடுத்தார்கள். அவர் உட்கார்ந்து குடித்தார். அக்காவைத் தவிர ஊர் முழுக்கச் சுற்றி நின்று அவர் கஞ்சி குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். குடித்து முடித்து அவர் கை கழுவியபிறகுதான், கீழத்தெருக்காரி ஒருத்தி உட்கார்ந்து தலையில் அடித்துக்கொள்ள ஆரம்பித்தாள். அவள் புருஷன் பெயர்தான் முதலில் படித்தது. நான் வீட்டுக்கு வந்து பூண்டு ஆய்ந்தேன். கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. அழுகை வரவில்லை. வரவில்லையே என்றுகூடத் தோன்றவில்லை.

என் வீட்டுக்காரரும் இன்னும் சிலரும் கீழே போனார்கள். மலைக்குக் கொண்டுவர முடிகிற நிலையில் உடம்புகள் இல்லை. அங்கேயே தகனம் செய்துவிட்டு மூன்றாம் நாள் திரும்பினார்கள். என் மாமியார், "பாத்தியாப்பா?" என்று கேட்டார். "பாத்தேன்" என்றார் அவர். அதற்குமேல் அதைப் பற்றி இன்றுவரை பேசியதில்லை.

அன்று சாயந்திரம் ஊர்ப்பெண்கள் மற்ற இரண்டு வீடுகளிலும் சடங்கை முடித்துவிட்டு அக்கா வீட்டுக்கு வந்தார்கள். நானும் மாமியாருக்குப் பின்னால் நின்றேன். அக்கா அடுப்பில் கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் பொட்டு, கழுத்தில் தாலி.

"வாத்தா, எந்திரி. செய்ய வேண்டியதச் செஞ்சுருவோம்" என்றார் என் மாமியார்.

"காயிதத்துல என்ன பேரு போட்டுருந்தாக?"

மாமியார் தயங்கினார். "பழைய பேருதான் தாயி. வேலுச்சாமின்னு."

"அந்தப் பேருக்கு அழுதாச்சு. தாலியும் கழட்டியாச்சு." அக்கா அடுப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இது ரெண்டாவது பேருக்குக் கட்டுனது. அந்தப் பேரு காயிதத்துல இல்ல."

"ஏ புள்ளே, ரெண்டும் ஒரே ஆளுதானே! இவ புருசன் கண்ணால பாத்துட்டு வந்துருக்கான்" என்று ஒருத்தி என்னைக் காட்டினாள்.

அக்கா சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டாள். கிழங்கு வெந்ததும் அவள் இறக்கி வைத்துத் தோலை உரிக்க ஆரம்பித்தாள். ஒவ்வொருவராக வெளியே வந்துவிட்டோம்.

பைத்தியம் என்று சிலர் சொன்னார்கள். கிடையாது. புத்தி தெளிவாகத்தான் இருந்தது. மூளை கலங்கியவள் புருஷனுக்குச் சோறு எடுத்து வைத்துக் காத்திருப்பாள். இவள் ஒருத்திக்குத்தான் உலை வைத்தாள். தடத்தைப் பார்த்து நின்றதில்லை. செத்தார் என்று ஒத்துக்கொள்ளவும் இல்லை, வருவார் என்று சொல்லவும் இல்லை. பொட்டு வைத்துக்கொண்டு பூண்டு நட்டாள், களை எடுத்தாள், மூட்டை கட்டினாள். இரண்டு வருஷம் அப்படியே போயிற்று. கல்யாணத்துக்கும் வளைகாப்புக்கும் அவளைக் கூப்பிடுவதா வேண்டாமா என்று ஊருக்குத் தெரியவில்லை. தெரியாததால் கூப்பிடவில்லை.

கீழத்தெருப் பெண் ஒருநாள் என் கண்முன்னாலேயே கேட்டாள். அவளும் அக்காவும் சேர்ந்து விறகுக்குப் போகிறவர்கள்.

"ஒரே லாரியிலதானக்கா போனாக. எனக்கு மட்டும் எதுக்கு வெள்ளச் சேல?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அந்தப் பெண் அதற்குப்பிறகு அவளோடு விறகுக்குப் போகவில்லை. எனக்கு அக்காமேல் முதல்முறையாகக் கோபம் வந்தது. அழுது தொலைக்கக் கூடாதா இவள் என்றிருந்தது.

அதே வருஷம்தான் எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. சேனை யார் வைப்பது என்ற பேச்சு வந்தபோது அக்காதான் வைக்க வேண்டும் என்றேன். மாமியார் பதறிப்போனார். நான் விடவில்லை. நாலு தரம் இல்லை, நாற்பது தரம் சொன்னேன். கடைசியில் அவரே போய்க் கூப்பிட்டார். அக்கா வந்து வாசல்படிக்கு வெளியிலேயே நின்றாள்.

"வேண்டாம் தாயி. நான் ஒருக்கா வச்சது போதும்."

"ஏங்க்கா?"

அவள் குழந்தையைப் பார்த்தாள். பிறகு, நான் அவள் வாயிலிருந்து கேட்டே இராத அளவுக்குப் பேசினாள்.

"மூணு தரம் சொல்லணும்னாக. நான் ஒருக்காதான் சொன்னேன். அவுகளுக்கோ காது கேக்காது. அந்த ஒண்ணாவது விழுந்துச்சோ என்னமோ. முழுசாப் பேரு வைக்காமலே விட்டுட்டேன் தாயி. அதான் எமனுக்குப் பழைய பேரே ஞாபகம் இருந்துருக்கு."

இத்தனை நாளும் இவள் இதைத்தான் உள்ளே வைத்துக்கொண்டு பூண்டு நட்டிருக்கிறாள். செத்தது பிச்சை என்று ஒத்துக்கொண்டால், தான் பாக்கி வைத்த இரண்டு தரத்தால்தான் செத்தார் என்றும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா, ஒண்ணுமே இல்லக்கா" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். பிறகு என் பங்கையும் சொன்னேன். "அன்னைக்கு வெள்ளனே வரச் சொன்னீங்கல்ல. அவருக்குக் கேக்கல. நான் எடுத்துச் சொல்லாம உக்காந்துட்டேன்."

"உன் மடியில பூண்டு இருந்துச்சு" என்றாள். அதையும் பார்த்திருக்கிறாள். சேனையை என் மாமியாரே வைத்தார்.

குழந்தைக்கு இரண்டு வயது முடிந்ததும் பழனியில் முடியிறக்கப் புறப்பட்டோம். என் வீட்டுக்காரருக்குக் கிழங்கு தோண்டுகிற சோலி இருந்தது, இரண்டு நாள் பின்னால் வருவதாகச் சொன்னார். துணைக்கு வருகிறீர்களா என்று அக்காவைக் கேட்டேன். வருகிறேன் என்றாள். கொடைக்கானலில் பஸ் ஏறி, மலை இறங்கி, வத்தலக்குண்டும் தாண்டிச் சமவெளியில் போய்க்கொண்டிருந்தபோது பஸ் நின்றது. முன்னால் ரயில்வே கேட் சாத்தியிருந்தது. பக்கத்தில் புதிதாக ஒரு சின்ன அறை, சுண்ணாம்பு அடித்துப் பளிச்சென்று இருந்தது.

முன்சீட்டில் ஒருவர் யாருக்கோ காட்டினார். "இங்கனதான் அந்தப் பட்டாளத்துக்காரங்க லாரி அடிபட்டது. அதுக்கப்புறந்தான் கேட்டுப் போட்டாங்க."

நான் அக்காவைப் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது. அவள் எழுந்தாள். இறங்கினாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு நானும் பின்னாலேயே ஓடினேன். கேட் கம்பிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். இரண்டு பக்கமும் கண்ணுக்கு எட்டிய வரை தண்டவாளம், வேலிக்கருவை, வெயில். பார்க்க அங்கே ஒன்றும் இல்லை.

"பிச்சை" என்றாள்.

அவ்வளவுதான், பஸ்ஸுக்குத் திரும்பிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, காது மந்தமான ஆளைக் கூப்பிடுகிற மாதிரி, அவர் உயிரோடு இருந்தபோது ஒருநாளும் கூப்பிடாத மாதிரி, பொட்டலெல்லாம் கேட்கக் கத்தினாள்.

"பிச்சை!"

பஸ்ஸில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். என் குழந்தை மிரண்டு என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. அந்த அறையிலிருந்து கேட்காரர் கையில் பச்சைக் கொடியோடு வந்தார். வயதானவர்.

"யாரும்மா பிச்சை? பிள்ளையக் காணமா?"

"எங்க வீட்டுக்காரரு" என்றாள் அக்கா. "இங்கன செத்துப்போனாரு."

அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ரயில் வந்துவிட்டது. நீளமான கூட்ஸ் வண்டி. தரை அதிர்ந்தது. அவர் கொடியைப் பிடித்தபடி நின்றார். பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது. அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு எல்லாப் பெட்டியையும் பார்த்தாள். கடைசிப் பெட்டியும் போய், சத்தம் அடங்கியபிறகு அவர் கொடியைச் சுருட்டிக்கொண்டே திரும்பினார்.

"என்னம்மா சொன்னீங்க? காதுல விழல."

பழக்கதோஷம், நான் எடுத்துச் சொல்ல வாயைத் திறந்தேன். அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். அவர் முகத்தைப் பார்த்து, மறுபடியும் சொன்னாள்.